கிள்ளான்ல இருந்து மதுரைக்கு

மலேசியாவுல பிறந்த தமிழ்ப் பொண்ணுக்கு மதுரை என்ன புது நாடான்னு கேக்குறாங்க. புது நாடுதாங்க. பாஸ்போர்ட் வேற, பஸ்ல ஏறுற விதம் வேற, நான் பேசுற தமிழைக் கேட்டுட்டு பால்காரர் "சிலோனாத்தா?"ன்னு கேட்டாரு. கல்யாணமாகி வந்த உடனே 14 நாளுக்குள்ள வெளிநாட்டவர் பதிவு ஆன்லைன்ல முடிக்கணும், ஓசிஐ கார்டுக்கு (வெளிநாட்டு இந்திய வம்சாவளிக்காரங்களுக்குத் தர்ற அட்டை) தாத்தா இந்தியாக்காரர்னு காட்ட பழைய பேப்பர் எதுவும் எங்ககிட்ட இல்ல, அதனால கணவர் வழியாத்தான், அதுக்கு கல்யாணம் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆகணும், அதுவரைக்கும் என் விசாவுல வேலைக்குப் போக முடியாது.

கிள்ளான்ல நான் சும்மா உக்காந்ததே கிடையாது. ஆபீஸ், சண்டே ஸ்கூல், பாட்டுக்குழு, வாலிபர் கூட்டம். இங்க எல்லாமே ஒரே நாள்ல நின்னு போச்சு. மதுரை சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை) சர்ச்சுங்க பழைய சர்ச்சுங்க, அமெரிக்க மிஷன் வந்ததே 1834ல, பல குடும்பங்க அஞ்சாறு தலைமுறையா இருக்காங்க, யாரு எந்த பெஞ்சுன்னு எழுதாத சட்டம் ஒண்ணு இருக்கு. நல்ல மனுசங்கதான், ஆனா பாட்டுக்குழுவுல புதுசா ஒரு குரல் வேணும்னு அங்க யாரும் காத்துட்டு இல்ல. மொட்டை மாடியில துணி காயப்போட்டுட்டு, ஆண்டவரே இங்க என்னால என்ன பிரயோஜனம்னு கேட்டிருக்கேன்.

அப்பதான் ஆரப்பாளையத்துல பஸ் ஏறி கம்பம் பக்கம் அத்தையோட சொந்தக்காரங்க தோட்டத்துக்குப் போனோம். பன்னீர் திராட்சை, 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுதே, அதுதான். பந்தல் பந்தலா குலை தொங்கும்னு ஆசையா போனா, நாங்க போன தோட்டத்துல அப்பதான் கவாத்து முடிச்சிருந்தாங்க. ஒரு இலை இல்ல. கம்பி மேல மொட்டைக் குச்சிங்க, வெட்டுன முனையில தண்ணி சொட்டு சொட்டா வடியுது, விரல் வெச்சுப் பாத்தேன், சும்மா தண்ணிதான். "என்ன மாமா இப்படி வெட்டிட்டீங்க"ன்னேன். "வெட்டாட்டி இலையாத் தழைச்சுப் போகும்த்தா, காய் பிடிக்காது. நாலு மாசம் கழிச்சு வா"ன்னாரு. கீழ அறுத்துப் போட்ட கொடிங்க அப்பவும் பச்சையாத்தான் கெடந்துச்சு, ஆனா அதுல இனிமே ஒண்ணும் வராது, வேரோட தொடர்பு போயிருச்சுல்ல.

பைபிள்ல யோவான் 15, இயேசு தன்னை திராட்சைச் செடின்னும் நம்மளை அதோட கொடின்னும் சொல்ற இடம், சின்ன வயசுல மனப்பாடம் பண்ணி பரிசே வாங்கியிருக்கேன். "என்னையல்லாமல் உங்களால் ஒன்றும் செய்யக்கூடாது"ன்னு மைக்ல வாசிச்சிருக்கேன். அந்தப் பந்தலுக்கு அடியில நின்னப்போதான் கவனிச்சேன், கனி கொடுக்குற கொடியையும்தான் தோட்டக்காரரான பிதா சுத்தம் பண்ணுறாருன்னு அந்த அதிகாரத்துல எழுதியிருக்கு. காய்க்காததை மட்டும் இல்ல. நம்ம சர்ச்சுங்க பக்கம் கனின்னாலே எத்தனை கூட்டம், எத்தனை பேரு, எவ்வளவு காணிக்கைன்னு கணக்குப் போடுறாங்க, எனக்கு அது எப்பவும் ஒட்டாது. கலாத்தியர் 5ல பவுல் சொல்ற, பரிசுத்த ஆவி நமக்குள்ள விளைய வைக்கிற ஆவியின் கனியில ஒண்ணு கூட எண்ணுறதுக்கு இல்ல. அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமைன்னு போகுது, அதெல்லாம் பல்லைக் கடிச்சா வர்றதும் இல்ல.

இப்போ காலையில அத்தை எந்திரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சங்கீதம், கொஞ்சம் ஜெபம், பல நாள் "இன்னைக்கு எனக்கு முடியல ஆண்டவரே, நீங்களே பாத்துக்கோங்க" அவ்வளவுதான் ஜெபமே. ஆனா அத்தை சாம்பார்ல உப்பு சரியில்லன்னு சொன்னா முன்ன மாதிரி சுருக்குன்னு ஏறுறதில்ல, அது என் சாமர்த்தியம் இல்லன்னு என் வீட்டுக்காரருக்கே தெரியும். பக்கத்து வீட்டுப் பாப்பா சாயங்காலம் கணக்கு நோட்டோட வருது, அவங்கம்மா ஒருநாள் மாமியாரோட பிரச்சனைன்னு வந்து அழுதாங்க, நான் ஒண்ணும் பெருசா சொல்லல, உக்காந்து கேட்டேன், போறப்ப எனக்காக வேண்டிக்கோங்கன்னாங்க.

கிள்ளான்ல இருந்து தோழி வாட்ஸ்அப்ல எப்பவும் ஒரே கேள்விதான், அங்க என்ன ஊழியம் செய்றேன்னு. போன வாரம் பாப்பாவோட பின்னக் கணக்கை போட்டோ எடுத்து அனுப்புனேன், இன்னும் பதில் வரல.