ஃபோர்டிங்கல்: யூ மரம் நிற்கும் சிற்றூர்

ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில், லயன் ஆறு தன் மலைப் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறும் வாயிலில் இருக்கிறது ஃபோர்டிங்கல். வைக்கோல் வேய்ந்த சில வீடுகள், ஒரு விடுதி, ஒரு தேவாலயம், ஊர் அவ்வளவுதான். நெடுங்காலப் பழமை கொண்டவைபோல் தோன்றும் அவ்வீடுகள், கப்பல் நிறுவன அதிபர் சர் டொனால்ட் கரி இப்பகுதி நிலங்களை வாங்கிய பிறகு, 1890ஐ ஒட்டி, கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் மக்லாரனின் வடிவமைப்பில் எழுந்தவை.

என் மனம் நின்றுவிட்டது தேவாலய முற்றத்தில் நிற்கும் யூ என்னும் ஊசியிலை மரத்தில்தான். அதன் வயதை 2000 முதல் 3000 ஆண்டுகள் வரை கணிக்கிறார்கள். 5000 என்போரும் உண்டு, அது மிகை என்றே எனக்குத் தோன்றுகிறது. 1769இல் அளந்தபோது அடிமரத்தின் சுற்றளவு 50 அடியைத் தாண்டியிருந்தது. பின்னர் நடுமரம் உளுத்துப் பிளந்ததாலும், வந்தவர்கள் நினைவுப் பொருளாகக் கிளைகளை வெட்டிச் சென்றதாலும், இன்று அது கற்சுவருக்குள் தனித்தனி மரங்கள்போல நிற்கிறது. பழைய அடிமரம் எவ்வளவு அகன்றிருந்தது என்பதைத் தரையில் அடித்த சிறு முளைகள் காட்டுகின்றன. ஆண் மரமாகவே அறியப்பட்ட இதன் உச்சிக் கிளையொன்றில், 2015இல் மூன்று செந்நிறப் பழங்கள் காய்த்திருந்தன!

விடுதிக்கு எதிர்ப்புற வயலில் ஒரு மேடு உண்டு. 14ஆம் நூற்றாண்டுக் கொள்ளைநோயில் இறந்தவர்களை, ஒரு மூதாட்டி வெள்ளைக் குதிரை இழுத்த சறுக்குவண்டியில் கொண்டுவந்து அங்கே புதைத்தார் என்பது ஊர் வழக்கு. அறுவடைக்குப் பிந்தைய பெருநெருப்பை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஊரார் அம்மேட்டில்தான் மூட்டினார்கள்.