ஓடத் தெரிந்தவருக்கு நடக்கச் சொல்லிக்கொடுப்பது

பண்டாரவளைப் பக்கம் பிசியோதெரபி வேலை செய்தால் இரண்டு வகை முழங்கால்கள் நன்றாகப் பழகிவிடும். ஒன்று, கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கும் பெண்களுடையது. மற்றது, ஓய்வுபெற்ற இராணுவத்தினருடையது. தியத்தலாவை முகாம் பக்கத்திலேயே இருப்பதால், பயிற்சிக்கு வந்து இந்தக் குளிர் பிடித்துப்போய் இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்டவர்களும் உண்டு.

கொழுந்து பறிக்கும் பெண்களில் பலர் மெலிந்தவர்கள். அவர்களிடம் போய் நிறையைக் குறைக்கச் சொல்வது பாவம். இந்த ஆண்களின் கதை வேறு. சிப்பாயாகச் சேர்ந்தவருக்கு 22 வருட சேவையோடு பென்ஷன் வந்துவிடும். அப்போது வயது நாற்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும், பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள், வீட்டில் சும்மா இருக்க முடியாது. ஏதாவது ஒரு வாசலில் செக்யூரிட்டி வேலைக்குப் போவார்கள். பன்னிரண்டு மணித்தியாலம் ஒரே நாற்காலி. குளிருக்கு மணிக்கொரு தரம் சீனி போட்ட பிளேன்டீ, கூடவே ஒரு பணிஸ். ஓட்டமும் அணிவகுப்பும் நின்றுபோனாலும், முகாமில் பழகிய சோற்றின் அளவு மட்டும் நிற்பதில்லை.

பழைய காயங்களும் அப்போதுதான் தலைதூக்கும். ஆயுதம், துப்பாக்கி ரவை, தண்ணீர், உணவு என்று முதுகில் கிலோக்கணக்கில் சுமந்தவர்கள், ட்ரக்கிலிருந்து குதித்து முழங்கால் ஜவ்வைக் கிழித்துக்கொண்டவர்கள். யுத்த காலத்தில் இதற்கெல்லாம் சுகமில்லை என்று யார் சிக் ரிப்போர்ட் எடுத்தார்கள்? வலித் தைலம் பூசிக்கொண்டு மறுநாளும் போயிருப்பார்கள்.

அப்படி ஓய்வுபெற்றவர்களில், பதுளைப் பக்கத்து மலாய்க்காரர் ஒருவர் என்னிடம் வருவார். வீட்டில் தமிழும் பேசுகிறவர். அண்ணன் என்ற முறையில் அவரை நான் ‘நானா’ என்பேன், அவருக்கு நான் மிஸ். முதல் நாள் முழங்காலின் உள்பக்கத்தை அழுத்திப் பார்த்தபோது, “வலி இல்ல மிஸ்” என்றார். கட்டில் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. இவர்கள் சொல்வதைக் காதில் வாங்குவதோடு கையையும் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்பு யாரோ ஒரு டாக்டர், “நிறையைக் குறையுங்கள்” என்று ஒற்றை வரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார். மனுஷன் மறுநாள் விடிய 5 மணிக்கு எழும்பி, பழைய சப்பாத்தை மாட்டிக்கொண்டு, இறக்கத்தில் ஓடியிருக்கிறார். ஒரு கிழமையில் முழங்காலில் நீர் கோத்து, த்ரீவீலரில் வந்து இறங்கினார். சோம்பேறித்தனம் என்று இவர்களைச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ஓடு என்றால் ஓடுவார்கள், இல்லையென்றால் முழுதாக நிறுத்திவிடுவார்கள். நடுவில் உள்ளதை யாரும் இவர்களுக்குப் பழக்கவில்லை.

நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்குவது உடல் நிறையைப் போல இரண்டரை, மூன்று மடங்கு. படி இறங்கினால் இன்னும் கூட. முழங்கால் தேய்ந்தவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், 1 கிலோ குறைந்தால் அடிக்கு 4 கிலோ பாரம் குறைவதாகக் கண்டார்கள். இந்தக் கணக்கைச் சொன்னதும் நானா நிமிர்ந்து உட்கார்ந்தார். புத்திமதியை விட இலக்கம்தான் அவருக்கு ஏறும்.

சரி, எங்கே நடப்பது? இந்த ஊரில் சமதரை தேடினால் பாடசாலை மைதானம்தான். அதனால் நான் சொல்வது இதுதான்: ஏற்றத்தை மெதுவாக நடந்து ஏறுங்கள், இறக்கத்துக்கு பஸ் பிடியுங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், உடம்பு உழைக்கும். மூட்டை வதைப்பது இறக்கம்தான். அப்புறம் தொடைத் தசைக்கு, கையூன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழும்பும் பயிற்சி. சோற்றைப் பற்றி அவரிடம் பேசிப் பிரயோசனமில்லை என்று மனைவியை அழைத்துவரச் சொன்னேன். சோற்றுக் கோப்பையில் பாதிக்கு கோவாவும் லீக்ஸும் வந்தது மனைவியின் கைவேலை.

இடுப்பு வலியில் நிறையின் பங்கு இவ்வளவு நேரடியானதல்ல. ஒல்லியானவர்களுக்கும் வருகிறது. அங்கே ஒரே இருப்பாக இருப்பதைத்தான் முதலில் மாற்றப் பார்ப்பேன். கால் இழந்தவர்களுக்கோ சில கிலோ கூடினாலே செயற்கைக் காலில் மீதிக் காலை நுழைக்கும் குழி இறுகித் தோல் புண்ணாகிவிடும். அதைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தால் நிறை இன்னும் ஏறும். இருக்கிற ஒற்றைக் காலின் முழங்காலும் சீக்கிரம் தேயும். அவர்களிடம் நிறையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தக் குழியைச் சரிசெய்ய அனுப்புவேன்.

நானா மணிக்கொரு தடவை எழும்பி நடக்க வேண்டும் என்று அவருடைய வேலையிடத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். வாசலை விட்டு நகருகிற செக்யூரிட்டி எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். இப்போது வேறோர் இடத்தில் இருக்கிறார். இராத்திரி ரவுண்ட் போகிற வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டாராம்.