அப்பாவின் கங்கைச் சொம்பு

எங்கள் பூஜை அலமாரியில் 11 வருடமாக ஒரு செப்புச் சொம்பு இருந்தது. அப்பாவும் அம்மாவும் காசியிலிருந்து கொண்டுவந்த கங்கை. "ராமேஸ்வரம் ராமநாதருக்கு இதை அபிஷேகம் பண்ணினால்தான் யாத்திரை முடியும்" என்று ஒவ்வொரு தை அமாவாசைக்கும் அப்பா சொல்வார். "அடுத்த வருஷம் போகலாம்ப்பா" என்பேன். ஒரு ஐப்பசியில் அவர் போய்விட்டார்.

அப்பாவின் வருஷாப்திகம், அதாவது முதல் வருஷத் திதி, முடிந்த கையோடு அம்மாவை அழைத்துக்கொண்டு ராமேஸ்வரம் கிளம்பினேன்.

கோயிலுக்கு எதிரே கடலில், அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்ததுமே நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். வரிசையில் நிற்காமல் கூட்டிப்போகிறேன் என்று ஒருவர் அம்மாவின் கையையே பிடித்து இழுத்தார். அப்பாவை நினைத்துக்கொண்டு நிற்கிறவளிடமா பேரம் பேசுவது? மனசு கசந்துவிட்டது.

கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தமும் ஆடவேண்டும் என்று அம்மா பிடிவாதம். உள்ளே தள்ளுமுள்ளு, வழியெல்லாம் ஈரம். ஓரிடத்தில் அம்மா வழுக்கியபோது, முன்பின் தெரியாத வடநாட்டு அம்மாள் ஒருவர் தாங்கிப் பிடித்தார். கடைசியாக வரும் கோடி தீர்த்தம் வரை கையை விடவில்லை. அவர் நன்றாக இருக்கவேண்டும்.

உடை மாற்றிக்கொண்டு முதலில் விஸ்வநாதரிடம் போனோம். ராமர் பூஜைக்காக அனுமன் கொண்டுவந்த லிங்கம். அது வந்து சேருமுன் சீதாதேவி பிடித்த மணல் லிங்கத்துக்குப் பூஜை முடிந்துவிட்டது. ஆனாலும் இன்றுவரை முதல் பூஜை விஸ்வநாதருக்குத்தான். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. அன்றைக்கு அங்கே நின்றபோது உடம்பு சிலிர்த்தது. இந்த மண் ஏன் புண்ணிய பூமி என்று கேட்டால், எனக்கு அந்த முதல் பூஜைதான் நினைவுக்கு வரும். தாமதமாக வந்தவரை வாசலில் நிறுத்தாத ஊர் இது.

அப்புறம் அந்த மணல் லிங்கமான ராமநாதர் சந்நிதி. சொம்பின் மூடியைத் திறந்து குருக்களிடம் கொடுத்தேன். 11 வருடம் காத்திருந்த நீர் நூலாக இறங்கி லிங்கத்தின் மேல் வழிந்தது. சில நொடிதான். "அப்பா பார்த்துட்டார்டா" என்றாள் அம்மா. எனக்கு எதிரே எதுவும் தெரியவில்லை, கண்ணெல்லாம் நீர். ராமநாதா, ராமநாதா என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. அந்தப் பெரிய பிராகாரத்தை எப்படிக் கடந்து வெளியே வந்தேன் என்றுகூட நினைவில்லை.

சாயங்காலம் கடற்கரையில் அம்மா குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"யாத்திரை முறைப்படி இதைப் பிரயாகையில கங்கையில கரைக்கணுமே, எப்போடா போறது?"

அடுத்த வருஷம் என்று வாய்வரை வந்துவிட்டது.

"தை பிறந்ததும் போறோம்மா. இன்னிக்கே டிக்கெட் போடறேன்."