கயானா ரூபுனுனி பயணம்: கையில அனுமதிக் கடிதம் இல்லாம கிளம்பாதீங்க

ரூபுனுனி போய்ட்டு வந்து ஒரு மாசம் ஆகப்போகுது, எங்களை அனுப்பி வச்ச டிராவல் ஏஜென்ட் மேல இருக்கிற கோவம் எனக்கு இன்னும் அடங்கல. பயணம் சரியில்லையான்னு கேட்டா அப்படி இல்லவே இல்ல, நான் பறவை பார்க்கப் போன இடங்கள்லயே இப்படி ஒரு இடத்தைப் பார்த்தது கிடையாது, அதனாலதான் இவ்வளவு கோவம். பைனாகுலரும் கேமராவும் தூக்கிட்டு அந்தப் பக்கம் போகணும்னு யோசிக்கிறவங்க இதைப் படிச்சிட்டு அப்புறம் அட்வான்ஸ் கட்டுங்க.

தென் அமெரிக்கான்னாலே எல்லாரும் பிரேசில் பன்டனால், பெரு அமேசான்னுதான் போறாங்க. எங்க பறவை க்ரூப்ல எட்டு பேர் சேர்ந்து கயானாவை முடிவு பண்ணோம். இங்கிலீஷ் பேசுற நாடு, கூட்டம் கிடையாது, தெற்க ரூபுனுனின்னு கண்ணுக்கு எட்டுற தூரம் வரைக்கும் புல்வெளி, அதுக்கு வடக்க இவோக்ராமா காடு, நடுநடுவுல மகூஷி, வாபிஷானா பழங்குடி மக்களோட ஊர்கள். நிறைய ஊர்ல அவங்களே லாட்ஜ் நடத்துறாங்க, கைடும் அவங்களே. போக வேண்டிய சமயம் செப்டம்பர்ல இருந்து ஏப்ரலுக்குள்ள. மே வந்துட்டா மழை பிடிச்சு ஆகஸ்ட் வரைக்கும் புல்வெளி பாதி தண்ணிக்குள்ள போயிடும். நாங்க மார்ச்ல போனோம். ஈஸ்டர் சமயத்துல போறதா இருந்தா ரூபுனுனியில இருக்கிற லெத்தெம் ஊர்ல ரோடியோ (மாடு, குதிரை அடக்குற போட்டி) நடக்கும், ரூம் கிடைக்காது, முன்னாடியே பிடிச்சு வச்சுக்கோங்க.

கயானா விசா பிரச்சினை இல்லாம வந்துடுச்சு. நியூயார்க் வழியா போனதால அமெரிக்க விசா வேணும், எங்க எல்லார்கிட்டயும் அது ஏற்கெனவே இருந்துச்சு.

முதல் வில்லங்கம் யெல்லோ ஃபீவர் ஊசியில ஆரம்பிச்சுது. ஏஜென்ட் என்ன சொன்னார்னா, "கயானாவுல இந்தியாவுல இருந்து வர்றவங்ககிட்ட கார்டு கேக்க மாட்டாங்க மேடம், ஊசி கட்டாயம் இல்ல"ன்னு. கேக்கறதுக்கு சரியாத்தான் இருக்கும். ஆனா கயானா யெல்லோ ஃபீவர் இருக்கிற நாடுகள் லிஸ்ட்ல இருக்கு, அங்க போய்ட்டு இந்தியாவுக்குத் திரும்பி வர்றப்ப நம்ம நாடு கேக்கும். கார்டு இல்லேன்னா ஆறு நாள் வரைக்கும் தனிமைப்படுத்தி வச்சுடுவாங்க. ஊசி போட்டு பத்து நாள் கழிச்சுதான் அந்த சர்டிஃபிகேட் செல்லும், அதனால கடைசி வாரத்துல ஓட முடியாது. நான் நேரா கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு போய் போட்டுட்டு வந்து க்ரூப்ல எல்லாரையும் விரட்டி விரட்டி போட வச்சேன். 60 வயசு தாண்டினவங்க முதல்ல டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, அந்த வயசுல இந்த ஊசியை யோசிச்சுத்தான் போடுவாங்க. ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் செல்லும், 2016ல இருந்து இதுதான் விதி, பழைய மஞ்சப் புக்கு வச்சிருக்கறவங்க தூக்கிப் போட்டுடாதீங்க.

தலைநகர் ஜார்ஜ்டவுன்ல இறங்கினதும் எங்களைக் கூட்டிட்டு போக வந்த டிரைவர் தம்பி, நாங்க தமிழ்நாடுன்னதும் அவங்க கொள்ளுத்தாத்தா மெட்ராஸ்ல இருந்து கப்பல்ல கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்னு சொன்னான். வெஸ்ட் இண்டீஸ் ஸ்பின்னர் வீராசாமி பெருமாள் கயானாக்காரர்தான், பேரைக் கேட்டாலே தெரியும். மாரியம்மனை இன்னும் கும்பிடுறாங்க. அதுக்குன்னு ஒரு நாள் தனியா ஒதுக்கியிருக்கணும்னு இப்ப தோணுது.

அடுத்து ஜார்ஜ்டவுன் பக்கத்துல இருக்கிற ஓகிள் ஏர்போர்ட். லெத்தெமுக்கு அங்க இருந்துதான் சின்ன விமானம். ஏஜென்ட் கொடுத்த பேப்பர்ல "லக்கேஜ் 20 கிலோ"ன்னு அச்சடிச்சிருந்துச்சு. கவுன்ட்டர்ல பையைத் தராசுல வச்ச பொண்ணு தலையை ஆட்டுது, 20 பவுண்டாம்! அதாவது ஒன்பது கிலோ. பையை மட்டும் இல்ல, ஆளையும் தராசுல ஏத்தி நிறுத்தி எழுதிக்கிறாங்க, விமானம் அவ்வளவு சின்னது. எட்டு பேரும் கவுன்ட்டர் முன்னாடியே தரையில பெட்டியைத் திறந்து போட்டு எது வேணும் எது வேண்டாம்னு பிரிக்கிறோம், பின்னாடி லைன்ல ஆளுங்க நிக்கிறாங்க. கூடுதல் வெயிட்டுக்கு காசு கட்டலாம், ஆனா இடம் இருந்தாத்தான். அன்னைக்கு இடம் இல்ல. ட்ரைபாட், ரெண்டாவது ஜோடி ஷூ, ஊர்ல இருந்து சுமந்துட்டு போன புளிக்காய்ச்சல் பாட்டில், முறுக்கு டப்பா எல்லாம் அந்த டிரைவர் தம்பி கையில கொடுத்து ஹோட்டல்ல வைக்கச் சொல்லிட்டு கிளம்பினோம், பாவம் அவன் ஒரு வார்த்தை முகம் சுளிக்கல. லென்ஸை மட்டும் நான் விடல, துணியைக் குறைச்சேன். கிலோவா பவுண்டான்னு நீங்களே ஏர்லைன்ஸுக்கு மெயில் போட்டு கேட்டுக்கோங்க, ஏஜென்ட் பேப்பரை நம்பாதீங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். நாங்க ரூபுனுனிக்கு ஆசைப்பட்டதே தெற்குப் பக்கம் இருக்கிற ரெட் சிஸ்கின் குருவிக்காக. ஆண் குருவி செக்கச்செவேல்னு இருக்கும், தலையும் வாலும் கறுப்பு, இறக்கையிலயும் கறுப்பு இருக்கும். கேனரி பறவையோட கலந்து சிவப்பு கேனரி உண்டாக்கறதுக்காக இதைப் பிடிச்சுப் பிடிச்சு வித்தே வெனிசுவேலாவுல அழிவுக்குக் கொண்டு வந்துட்டாங்க. 2000ல தெற்கு ரூபுனுனியில ஒரு கூட்டம் இருக்கிறது தெரிஞ்சுது. இப்ப அதைக் காப்பாத்துறதுல அந்த ஊர் மக்களுக்குப் பெரிய பங்கு இருக்கு. வாபிஷானா ஊர் ஒண்ணுல தங்கி, அவங்க கைடோட போய் பார்க்கிறதா எங்க ப்ரோக்ராம்ல இருந்துச்சு, அதுக்குத் தனியா காசும் வாங்கியிருந்தாங்க.

லெத்தெம்ல இருந்து ஜீப்புல பொட்டல் புல்வெளி வழியா செம்மண் புழுதி குடிச்சிக்கிட்டே பாதி நாள் பயணம். ஊருக்குள்ள போனா முதல்ல ஊராட்சி ஆபீஸ்ல போய் பேர் எழுதணும். அங்க ஊர்த் தலைவரை தோஷாவோன்னு சொல்வாங்க, அவர் அன்னைக்கு ஊர்ல இல்ல. கவுன்சில்ல இருந்த ஒரு அம்மா பெஞ்சுல உக்காரச் சொல்லி தண்ணி கொடுத்துட்டு, "உங்க அனுமதிக் கடிதம் எங்க?"ன்னு கேட்டாங்க. எங்க ஃபைல்ல டிக்கெட் இருக்கு, இன்ஷூரன்ஸ் இருக்கு, ஹோட்டல் வவுச்சர் இருக்கு, அது மட்டும் இல்ல. அவங்க நோட்டை எடுத்து ஒரு பக்கம் விடாம விரலை வச்சு தேதி தேதியா பார்த்துட்டு, எங்க க்ரூப் பேர்ல எந்த விண்ணப்பமும் வரலைன்னு சொல்லிட்டாங்க.

2006ல வந்த அமெரிண்டியன் சட்டப்படி அந்த ஊர் நிலத்துக்குள்ள வெளியாள் போகணும்னா ஊர் கவுன்சிலோட அனுமதி வேணும். ஏஜென்ட்டுக்கு போன் போட்டா எடுக்கல. மெசேஜுக்கு மறுநாள் பதில் வருது, "அதெல்லாம் ஃபார்மாலிட்டி மேடம், லோக்கல்ல பேசிக்கோங்க"ன்னு. ஃபார்மாலிட்டியா? நம்ம வீட்டு வாசல்ல எட்டு பேர் கேமராவோட வந்து நின்னா நாம உள்ள விடுவோமா? எங்க க்ரூப்ல ஒருத்தர் கொஞ்சம் காசு கொடுத்துப் பார்க்கலாமான்னு தமிழ்ல கேட்டார், நான் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். அந்த அம்மா மேல எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது. தங்கம் தோண்டுறவங்க, பறவை பிடிக்கிறவங்கன்னு கண்டவங்களும் வர்ற இடத்துல அவங்க அப்படித்தான் இருக்கணும், அந்தக் குருவி இன்னும் அங்க இருக்குன்னா அதுக்கு அவங்க இப்படிக் கறாரா இருக்கிறதும் ஒரு காரணம். மாமரத்தடியில கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்த வழியே திரும்பினோம். ஜீப்புல ஒருத்தரும் பேசல. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

காப்பாத்தினது எங்க கைடு, மகூஷி பையன், முப்பது வயசு கூட இருக்காது. என்னை ஆன்ட்டி ஆன்ட்டின்னுதான் கூப்பிடுவான், அங்க வயசுல மூத்த பொம்பளைங்களை அப்படித்தான் கூப்பிடுறாங்க. "ஆன்ட்டி, நான் வடக்குப் பக்கம் கேக்குறேன், முதல்ல எல்லார் பேரும் பாஸ்போர்ட் நம்பரும் ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுங்க"ன்னான். ராத்திரியே யுபுகாரி ஊருக்கு அனுப்பி, காலையில கவுன்சில் சரின்னு சொல்லிட்டாங்க! எங்க ஏஜென்ட்டுக்கு மாசக்கணக்குல முடியாதது இவனுக்கு ஒரே ராத்திரியில முடிஞ்சுது.

யுபுகாரியில கருப்பு கெய்மன் முதலையை ராத்திரி படகுல போய் பிடிச்சு, நீளம் எடை எல்லாம் குறிச்சிக்கிட்டு திரும்ப ஆத்துல விடுறாங்க, அளக்கறது எல்லாம் ஊர்ப் பசங்கதான், நாம வேற படகுல உக்காந்து பார்க்கலாம். அங்க இருந்து கரனாம்பு. தாய் இல்லாத ராட்சத நீர்நாய்க் குட்டிகளை டயான் மெக்டர்க் அம்மா வளர்த்து ஆத்துல விட்ட இடம் அது, 2016ல காலமாயிட்டாங்க. ஆத்துல ஒரு நீர்நாய்க் குடும்பமே மீனைக் கடிச்சுக்கிட்டு தலையைத் தூக்கி எங்களைப் பார்த்து கத்துச்சு.

ராட்சத எறும்புத்தின்னியும் அங்கதான். விடியறதுக்கு முன்னாடி குதிரையில ஒரு ஆள் போய் தேடிட்டு வந்து சொல்வார், நாம ஓடணும். அதுக்கு கண்ணு சரியாத் தெரியாது, மூக்குதான் எல்லாம், அதனால காத்து அதுக்கிட்ட இருந்து நம்ம பக்கம் வீசற மாதிரி நின்னுக்கணும். சென்ட், வாசனை சோப்பு எதுவும் வேண்டாம். நாங்க அசையாம நின்னோம், அது நகத்தை உள்பக்கமா மடக்கி முட்டியை ஊனி நடந்து, ஒரு புத்தைப் பிளந்து நாக்கை விட்டு எடுத்துட்டு, காய்ஞ்ச தென்னமட்டை மாதிரி வாலை இழுத்துக்கிட்டு பத்தடி தள்ளி கடந்து போச்சு. கைடு என் கையைப் பிடிச்சு அழுத்தி சிரிக்கிறான்.

சுராமாங்கிற மகூஷி ஊர்ல மரவள்ளிக்கிழங்கு வேலை பார்த்தோம். அவங்க கசப்பு ரகம் நிறைய போடுறாங்க, அப்படியே சாப்பிட்டா விஷம். துருவி, மட்டப்பின்னு பின்னல் குழாய்க்குள்ள திணிச்சு மேல தொங்கவிட்டு, கீழ ஒரு கட்டையைக் கோர்த்து ஒரு பாட்டி அது மேல உக்காந்தாங்க. குழாய் நீள நீள உள்ள இருக்கிற சாறு சொட்டுச் சொட்டா பாத்திரத்துல விழுது. அந்தச் சாறைக் கொதிக்க வச்சுதான் விஷத்தைப் போக்கி, சுண்டவிட்டு கறுப்பா கசரீப்னு ஒரு கெட்டிச் சாறு எடுக்கிறாங்க. மாவை பெரிய இரும்புத் தட்டுல வறுத்தா ஃபரீன். மீன் குழம்புல போட்டு சாப்பிட்டுப் பாருங்க, சைவக்காரங்களுக்கு மட்டும் சாப்பாடு கொஞ்சம் கஷ்டம்தான், முன்கூட்டியே சொல்லிடுங்க.

பூச்சி விஷயம். ஆத்தோரம் கபூரான்னு பொடி ஈ கடிக்கும், புல்லுல பெட்ரூஜ்னு பொடிப் பூச்சி ஏறும், அது இடுப்புல சாக்ஸ் ஓரத்துல கடிச்சா வாரக்கணக்குல அரிக்கும். பேன்ட்டை சாக்ஸுக்குள்ள விட்டுக்கோங்க, புல்லுல உக்காராதீங்க. ஊர்கள்ல பேங்க் கார்டு செல்லாது, கயானா டாலர் கையில வேணும். ரோடு வழியா ஜார்ஜ்டவுன் திரும்பறவங்க குருபுகாரியில எசெக்கிபோ ஆத்தை பான்டூன்ல (வண்டியை ஏத்திட்டு போற தட்டைப் படகு) தாண்டணும், அது ராத்திரி ஓடாது.

ஊர் லாட்ஜுக்கு நேரா எழுதுங்க, பதில் மெதுவா வரும், ஆனா வரும். ஏஜென்ட் வழியா போனா, எந்தெந்த ஊருக்குப் போறீங்களோ ஒவ்வொண்ணுக்கும் கவுன்சில் கையெழுத்து போட்ட கடிதத்தோட காப்பி வந்தப்புறம்தான் பாக்கிக் காசு. எங்களுக்கு தெற்குப் பக்கத்துக்கு வாங்கின பணத்துல பாதிதான் இதுவரைக்கும் திரும்ப வந்திருக்கு, மீதிக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கோம். யெல்லோ ஃபீவர் கார்டை பாஸ்போர்ட்டோட கைப்பையில வச்சுக்கோங்க, சென்னையில இமிக்ரேஷனுக்கு முன்னாடியே கேட்டாங்க, பெட்டி அதுக்கப்புறம்தான் கைக்கு வரும்.