ஜோன்ஸ் சகோதரர்களைத் தேடிய கதை

வேல்ஸ் நாட்டில் ஜோன்ஸ் என்ற குடும்பப் பெயரோடு ஒரு மாலுமியைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதல்ல. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு ஜோன்ஸ்தான். அங்கே பழைய காலத்தில் அப்பாவின் பெயரையே பிள்ளைகள் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. பிறகு அந்தப் பெயர்களே குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன. அதனால்தான் ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ், வில்லியம்ஸ் என்ற ஒரு சில பெயர்களுக்குள்ளேயே பாதி நாடு அடங்கிவிடுகிறது. அப்பா பெயரை இனிஷியலாகப் போடும் நமக்கு இது சட்டென்று புரியும்.

நாங்கள் தேடியது என் மாமியாரின் தாத்தாவையும் அவருடைய தம்பியையும். இருவரும் கார்டிகன் வளைகுடாக் கரையில் பிறந்து, நிலக்கரி ஏற்றும் கப்பல்களில் வேலை தேடி வேல்ஸின் துறைமுக நகரான கார்டிஃபுக்கு வந்தவர்கள். அண்ணன் அங்கேயே குடும்பமாகிவிட்டார். தம்பி முதல் உலகப் போரில் கடலில் மூழ்கிவிட்டார் என்றுதான் வீட்டில் சொல்லி வந்தார்கள். கையில் இருந்தது அண்ணனின் பதக்கம் ஒன்று மட்டும். அந்தப் போரில் வணிகக் கப்பல் மாலுமிகளுக்கென்று தனியாகத் தந்த பதக்கம் அது. விளிம்பில் பெயர் மட்டும் பொறித்திருந்தது, எண்கூட இல்லை.

லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து தொடங்கினோம். மாலுமிகளின் பதிவேடுகள் வர்த்தக வாரியம் என்ற அந்நாள் அரசுத் துறையின் கோப்புகளில் இருக்கின்றன. இதைத் தேடப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: 1857 முதல் 1913 வரை மாலுமிகளுக்கு மையப் பதிவேடு என்று எதுவுமே கிடையாது. 1913-இல் மறுபடியும் ஆரம்பித்தார்கள், ஆனால் ஆளுக்கு ஒன்றாக எழுதிவைத்த பதிவு அட்டைகளில் 1920 வரையிலானவற்றில் பெரும்பகுதியைப் பின்னால் அழித்துவிட்டார்கள். தப்பியது 1918 முதல் 1921 வரையிலான ஒரு தனி வரிசை. அதில்தான் அண்ணன் கிடைத்தார். பதக்கம் பெற்றவர்களுக்கென்று தனியாக உள்ள பதக்க அட்டையில் பிறந்த ஊரும் ஆண்டும் இருந்ததால் மற்ற ஜோன்ஸ்களைக் கழித்துக்கொண்டே வர முடிந்தது. அவருடைய பதிவு அட்டையில் உயரம், கண்ணின் நிறம், கையில் பச்சை குத்திய அடையாளம், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு புகைப்படம். மாமியார் தன் தாத்தாவின் இளவயது முகத்தை முதல்முறையாகப் பார்த்தார். வெகுநேரம் அவர் எதுவும் பேசவில்லை.

தம்பிக்கு அப்படி ஒரு அட்டை இல்லை. போரில் இறந்து, கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாத வணிக மாலுமிகளின் பெயர்களை லண்டன் டவர் ஹில் நினைவுச் சின்னத்தில் பொறித்திருக்கிறார்கள். முதல் போருக்கு மட்டும் சுமார் 12,000 பெயர்கள். அதிலும் நம் ஆள் என்று சொல்லும்படி யாரும் இல்லை. சரி, மூழ்கியவர் என்றால் ஏதாவது ஒரு ஏட்டில் வந்திருக்க வேண்டுமே என்ற சந்தேகம் அப்போதுதான் வந்தது.

வழி காட்டியது 1915-ஆம் ஆண்டின் கப்பல் பணியாளர் பட்டியல்கள். அந்த ஒரு வருடத்துப் பட்டியல்கள் முழுவதையும் தன்னார்வலர்கள் படியெடுத்து இணையத்தில் இலவசமாகத் தேடும்படி வைத்திருக்கிறார்கள், சுமார் ஏழரை லட்சம் பெயர்கள். ஒவ்வொரு ஆளுக்கும் வயது, பிறந்த ஊர், வேலை, இதற்கு முந்தைய கப்பல், வீட்டு முகவரி, சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் எல்லாம் உண்டு. இதில் வயதை நம்பக் கூடாது. மாலுமிகள் வாய்க்கு வந்த வயதைச் சொல்வார்கள், எழுதுகிறவரும் கேள்வி கேட்காமல் எழுதிக்கொள்வார். நம்ப வேண்டியது முகவரியை. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அண்ணனின் மனைவியும் பிள்ளைகளும் கார்டிஃபில் எந்த வீட்டில் இருந்தார்கள் என்று ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தோம். கணக்கெடுத்த இரவில் அண்ணன் கடலில் இருந்ததால் அந்தத் தாளில் அவர் பெயரே இல்லை. மாலுமிக் குடும்பங்களில் இது சாதாரணம், பயப்பட வேண்டாம்.

முதல் பெயரை விட்டுவிட்டு அந்தத் தெருப் பெயரை வைத்துக்கொண்டு ஜோன்ஸ்களைப் புரட்டினோம். ஒரே கப்பலில், அடுத்தடுத்த வரிகளில், ஒரே வீட்டு எண்ணோடு இரண்டு பேர். இருவருக்கும் பிறந்த ஊர் ஒன்று. அண்ணன் பயணம் முடிந்து கார்டிஃபில் இறங்கியிருக்கிறார். தம்பியின் வரியில், பால்டிமோர் துறைமுகத்தில் கப்பலை விட்டு ஓடிவிட்டார் என்று எழுதியிருந்தது.

மூழ்கவில்லை. அமெரிக்காவில் இறங்கிக் கொண்டார். அந்த வருடம் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டனைச் சுற்றிக் கண்ட கப்பலையெல்லாம் தாக்கிக்கொண்டிருந்தன. அந்தக் கடலுக்குத் திரும்பிப் போக மறுத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். அண்ணன் வீட்டில் ஏன் அப்படி ஒரு கதையைச் சொன்னார் என்பதும் எனக்குப் புரிகிறது. போர்க்காலத்தில் ஓடிப்போனவன் என்ற பேச்சு தம்பிமேல் விழ வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

அப்புறம் தேடல் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே போருக்கு ஆள் சேர்க்க மூன்று சுற்றுகளாகப் பதிவு செய்தார்கள். குடியுரிமை இல்லாதவர்களும் பதிய வேண்டும். 1918 செப்டம்பர் 12-ஆம் தேதிச் சுற்றில் பெரும்பாலும் 18 முதல் 20 வரையிலும் 32 முதல் 45 வரையிலும் வயதுள்ளவர்கள் வந்தார்கள். தம்பிக்கு அப்போது 33. அந்தச் சுற்றின் அட்டையில் நெருங்கிய உறவினர் பெயரும் முகவரியும் கேட்டிருக்கிறார்கள், நமக்கு அதுதான் பொன். பிலடெல்பியாவில் ஹாக் ஐலண்ட் கப்பல் கட்டும் தளத்தில் வேலை என்று எழுதி, நெருங்கிய உறவினராக அண்ணனையும் அதே கார்டிஃப் வீட்டையும் கொடுத்திருக்கிறார் தம்பி. கப்பலை விட்டாரே தவிர, அண்ணனை விடவில்லை. இதைப் படித்துக் காட்டியபோது என் குரல் தடுமாறிவிட்டது.

1920, 1930 அமெரிக்கக் கணக்கெடுப்புகளில் அவர் அதே நகரில் இருக்கிறார். இரண்டாவதில் மனைவியும் ஒரு மகளும் உண்டு. அந்த மகளின் வழியில் யாராவது இருக்கிறார்களா என்று மரபணுச் சோதனை மூலம் பார்க்க மாமியார் சம்மதித்திருக்கிறார்.

1913-க்கு முந்தைய ஆண்டுகள்தான் பாக்கி. அந்தக் காலத்துக் கப்பல் பணியாளர் பட்டியல்களில் சுமார் 70 சதவீதம் கனடாவில், நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரில் உள்ள மெமோரியல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அங்கே ஆள் பெயரைச் சொன்னால் போதாது, கப்பலின் அதிகாரபூர்வ எண் வேண்டும். 1915 பட்டியலில் முந்தைய கப்பல் என்ற கட்டத்தில் அண்ணன் சொன்ன பெயரை வைத்து எண்ணைப் பிடித்துவிட்டோம். ஒவ்வொரு கப்பலாகப் பின்னோக்கிப் போக வேண்டும். முதல் விண்ணப்பத்தை அனுப்பியாயிற்று.