நாள் எண்ணுவதும் ரத்தம் பார்ப்பதும்

நாய் இனப்பெருக்க வேலையில் திரும்பத் திரும்பக் காதில் விழும் புகார் ஒன்று உண்டு: "பதினொண்ணு, பதிமூணு, ரெண்டு நாளும் விட்டோம் டாக்டர், சினை நிக்கலை." அடுத்து, கருப்பையில் கோளாறா, ஆண் நாயிடம் குறையா என்ற சந்தேகம் கிளம்பும். பெட்டை நாய்க்குச் சினை பிடிக்காமல் போக மிகப் பொதுவான காரணம் நாள் தவறிய சேர்க்கைதான். ஆகவே மருந்துச் சீட்டை எடுப்பதற்கு முன்னால், போன தடவை எதை வைத்து நாள் குறித்தார்கள் என்று கேட்பதே முதல் வேலை.

ரத்தக்கசிவு கண்ட நாளிலிருந்து எண்ணிச் சேர்க்கும் பதினோராம் நாள் கணக்கு முழுப் பொய் அல்ல. நிறைய நாய்களுக்கு ஒத்துவருவதால்தான் அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ரத்தக்கசிவோடு தொடங்கும் முன்பருவம், அதாவது சினைப்பருவத்துக்கு முந்தைய கட்டம், சராசரியாக 9 நாள். ஆனால் 3 நாளில் முடிகிற நாயும் உண்டு, 17 நாளைத் தாண்டுகிற நாயும் உண்டு. ஒரு வாரத்துக்குள்ளேயே முட்டை விடும் பெட்டைகளும் இருக்கின்றன, மூன்று வாரம் கடந்தும் காக்கவைக்கும் பெட்டைகளும் இருக்கின்றன. ஒரே நாய்கூடப் போன பருவத்து நாளை இந்தப் பருவத்தில் கடைப்பிடிக்கும் என்பதற்கு உறுதி இல்லை. அதோடு அந்த 'முதல் நாள்' என்பதே ஐயத்துக்குரியது. தன்னை நக்கிச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் நாயின் கசிவு சில நாட்களுக்கு யார் கண்ணிலும் படாது. எண்ணத் தொடங்கிய நாளே தவறாக இருந்தால், அதன் மேல் எழும் கணக்கு எப்படிச் சரியாகும்?

வாலை ஒதுக்கி நிற்பதும், கசிவு வெளிறி வைக்கோல் நிறத்துக்கு மாறுவதும் உதவும் அறிகுறிகள். அவற்றை மட்டும் நம்பக் கூடாது. முட்டை வெளியாவதற்குப் பல நாள் முன்பே ஆண் நாய்க்கு இணங்கி நிற்கும் பெட்டையும் இருக்கிறது, சரியான நாளில் சீறிக் கடிக்க வரும் பெட்டையும் இருக்கிறது. கடைசிவரை சிவப்பாகவே கசிந்துகொண்டிருக்கும் நாய்களையும் பார்க்கலாம்.

நாயின் உடல் மற்ற விலங்குகளிலிருந்து இரண்டு இடங்களில் விலகி நிற்கிறது. இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் மற்றவை எளிது. முதலாவது, மற்ற விலங்குகளில் முட்டை வெளியான பிறகு ஏறும், சினையைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன், நாயில் அதற்கு முன்பே ஏறத் தொடங்குகிறது. கன்கனன், ஹான்சல், விசெக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1975இல், பருவத்தைக் கிளப்பும் ஈஸ்ட்ரோஜன், முட்டையை வெளியேறத் தூண்டும் எல்.எச்., புரோஜெஸ்டிரோன் ஆகிய மூன்று ஹார்மோன்களையும் பெட்டை நாய்களில் பருவம் முழுக்கத் தொடர்ந்து அளந்து வெளியிட்டார்கள். இன்று நாள் குறிக்கும் முறை அத்தகைய அளவீடுகளின் மேல்தான் நிற்கிறது. இரண்டாவது, வெளியாகும் முட்டை அப்போதே கருத்தரிக்கத் தயாராக இருப்பதில்லை. எல்.எச். உச்சத்தைத் தொட்ட நாளைப் பூஜ்யம் என்று வைத்தால், ஏறத்தாழ 2 நாளில் முட்டை வெளியாகிறது. கருக்குழாய்க்குள் அது முதிர இன்னும் 2, 3 நாள் ஆகும். முதிர்ந்த முட்டைக்கு ஆயுளும் ஓரிரு நாள்தான். ஆகவே உண்மையான வாய்ப்பு எல்.எச். உச்சத்துக்குப் பிந்தைய 4 முதல் 6 நாட்களில் இருக்கிறது.

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். "புரோஜெஸ்டிரோன் 5 வந்துவிட்டது, இன்றே விடலாமா?" மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் என்றால் முட்டை வெளியாகிறது என்று பொருள், முதிர்ந்துவிட்டது என்று பொருள் இல்லை. இயற்கைச் சேர்க்கையில் இந்த அவசரம் பெரிய சேதம் செய்யாது. ஆண் நாயின் புது விந்தணுக்கள் பெட்டையின் உடலுக்குள் 5, 6 நாள்கூட உயிரோடு காத்திருக்கும். உறைந்த விந்துக்கு அந்தப் பொறுமை கிடையாது.

சோதனையைக் கசிவு கண்ட ஐந்தாம் ஆறாம் நாளில் தொடங்குவது நல்லது. முதலில் யோனிச் செல்களைப் பார்க்கலாம், செலவும் குறைவு. நீண்ட பஞ்சுக்குச்சியைச் சலைனில் நனைத்து, யோனித் திறப்பின் மேல்முனை வழியாக முதுகுத்தண்டை நோக்கி மேலே சாய்த்து நுழைக்க வேண்டும். நேராகத் தள்ளினால் கீழே இருக்கும் குழியில் முட்டும், நாய்க்கு வலிக்கும், மாதிரியும் கெட்டுப்போகும். இடுப்பெலும்பின் விளிம்பைத் தாண்டிய பின் குச்சியைக் கிடையாகத் திருப்பி, உள்ளே போய், ஒருமுறை சுழற்றி எடுக்கலாம். ஸ்லைடில் தேய்க்கக் கூடாது, உருட்ட வேண்டும். தேய்த்தால் செல்கள் கிழிந்துவிடும்.

சாயமேற்றிப் பார்த்தால் முன்பருவத்தில் உருண்டையான, பெரிய உட்கரு கொண்ட செல்களோடு சிவப்பணுக்களும் வெள்ளையணுக்களும் கலந்து கிடக்கும். ஈஸ்ட்ரோஜன் ஏற ஏறச் செல்கள் பெருத்து, ஓரம் மடங்கி, உட்கரு சுருங்கிச் சருகுபோல ஆகும். 90 சதவீதத்துக்கு மேல் இப்படிச் சருகாகி, பின்புலமும் தெளிந்தால் நாய் சினைப்பருவத்தில் இருக்கிறது. ஆனால் அந்த நிலை பல நாள் நீடிக்கும். அதற்குள் முட்டை எந்த நாளில் வெளியாகிறது என்பதை ஸ்லைடு சொல்லாது. அதற்கு ரத்தம் வேண்டும்.

சருகுச் செல்கள் பாதியைத் தாண்டியதும் ஒருநாள் விட்டு ஒருநாள் புரோஜெஸ்டிரோன் பார்க்கலாம். அடிநிலை 1 நானோகிராமுக்குக் கீழே. 2ஐ ஒட்டி வரும்போது எல்.எச். உச்சம். 4க்கும் 8க்கும் இடையில், பொதுவாக 5 என்று கொள்ளும் இடத்தில், முட்டை வெளியாகும். முட்டை முதிரும் நாட்களில் 10ஐத் தாண்டி 20ஐயும் கடக்கலாம். சில ஆய்வகங்கள் நானோமோலில் அறிக்கை தருவார்கள். மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் என்பது லிட்டருக்கு 3.18 நானோமோல், ஆக 5 என்பது அங்கே ஏறத்தாழ 16. அலகைப் பார்க்காமல் 16ஐ நானோகிராம் என்று படித்துவிட்டால் நாள் கடந்துவிட்டதாகப் பதற நேரும். இது உண்மையிலேயே நடக்கிற பிழை.

மாதிரி எடுக்கும் இடத்திலேயே முடிவு கெட்டுப்போக வாய்ப்பு அதிகம், அதை யாரும் கவனிப்பதில்லை என்பது எங்கள் குறை. ஜெல் போட்ட குழாயில் ரத்தம் எடுக்காதீர்கள். ஜெல் புரோஜெஸ்டிரோனை உறிஞ்சி அளவைக் குறைத்துக் காட்டலாம். எதுவும் சேர்க்காத சாதாரணக் குழாய் போதும். 20, 30 நிமிடம் அறை வெப்பத்தில் உறையவிட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே பிரியும் தெளிநீரான சீரத்தை உடனே வேறு குழாய்க்கு மாற்றிவிட வேண்டும். பிரிக்காத ரத்தத்தை அப்படியே குளிர்பெட்டியில் வைத்தால் அளவு இறங்கும். சிவப்பணு உடைந்து சிவந்த சீரமும், கொழுப்பு மிதக்கும் சீரமும் எந்த இயந்திரத்தையும் குழப்பும்.

இயந்திரத்துக்கு இயந்திரம் எண் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரே சீரம் ஒன்றில் 4, இன்னொன்றில் 6 காட்டினால் வியப்பதற்கில்லை. திங்கட்கிழமை ஓர் ஆய்வகம், புதன்கிழமை இன்னோர் ஆய்வகம் என்று போனால், ஏறியது ஹார்மோனா இயந்திரமா என்று சொல்ல முடியாமல் போகும். ஒரு பருவம் முழுவதையும் ஒரே இடத்தில் பாருங்கள். ஒற்றை எண்ணை வைத்து நாள் குறிக்காமல், அது ஏறுகிற விதத்தைப் பாருங்கள். 5 வந்த பிறகும் இன்னொரு சோதனை அவசியம் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2, 3 வரை ஏறிப் பின் இறங்கிவிடும் நாய்கள் உண்டு. வெளிப்பார்வைக்கு எல்லா அறிகுறியும் இருக்கும், முட்டை வராது. சில வாரம் கழித்து மறுபடி பருவம் தொடங்கி அப்போதுதான் முட்டை வரும். கடைசிச் சோதனையைச் செய்யாதவர்கள் இந்தப் பிளவுப் பருவத்தைத் தவறவிடுவார்கள்.

தினமும் ரத்தம் எடுக்க முடிந்தால் எல்.எச். சோதனையும் செய்யலாம். அந்த உச்சம் ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். ஒருநாள் விட்டுப் போனாலே நழுவிவிடும். அதனால் தனியாக அதை நம்பாமல் புரோஜெஸ்டிரோனோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

சேர்க்கை நாள் விந்தின் ஆயுளைப் பொறுத்தது. ஆண் நாய் பக்கத்தில் இருந்தால் முட்டை வெளியான இரண்டாம் நாளும் நான்காம் நாளும் விடலாம். குளிரூட்டி அனுப்பும் விந்து 2, 3 நாள் தாங்கும். முட்டை வெளியான இரண்டாம், மூன்றாம் நாளில் செலுத்த வேண்டும். இதில் சிக்கல் நாள் குறிப்பதைவிட ஏற்பாட்டில்தான் இருக்கிறது. விந்து எடுக்க ஆள் வேண்டும், வண்டி வேண்டும், நடுவில் விடுமுறை வரும். ஆகவே புரோஜெஸ்டிரோன் 2ஐத் தொட்டதுமே விந்து அனுப்புபவருக்குத் தகவல் போய்விட வேண்டும். பெட்டி வந்ததும் ஒரு சொட்டை மட்டும் 37 டிகிரி சூடேற்றிய ஸ்லைடில் வைத்து அசைவைப் பார்த்துவிட்டுச் செலுத்துங்கள். குளிர்ந்த ஸ்லைடில் பார்த்து, விந்து செத்துவிட்டது என்று நல்ல மாதிரியைக் கொட்டியவர்கள் இருக்கிறார்கள்.

உறைந்த விந்து உருகிய பின் 12 முதல் 24 மணி நேரம்தான். முட்டை முதிர்ந்த பின், அதாவது வெளியான மூன்றாம் நாளை ஒட்டி, கருப்பைக்குள்ளேயே வைக்க வேண்டும். யோனியில் வைத்தால் பலன் மிகவும் குறைவு. நின்ற நிலையிலேயே எண்டோஸ்கோப் வழியாகக் கருப்பைவாய் தாண்டிச் செலுத்தும் முறை கைவந்தால், வயிற்றைத் திறக்கும் அறுவைக்குத் தேவையே இல்லை. உருக்கும் வெப்பத்தையும் நேரத்தையும் உறையவைத்த ஆய்வகம் சொன்னபடியே செய்யுங்கள். ஓரிடத்து முறை 37 டிகிரியில் அரை நிமிடத்துக்கு மேல், இன்னோரிடத்தில் 70 டிகிரியில் சில நொடிகள். மாற்றிச் செய்தால் விந்தை உறையவைத்திருக்கும் அந்த ஸ்ட்ரா (மெல்லிய குழல்) வீண்.

ஆண் நாயைச் சோதிக்காமல் பெட்டைக்கு மட்டும் ஊசி குத்துவது நியாயமில்லை. விந்தணு உருவாக 62 நாள், முதிர்ந்து வெளிவர மேலும் ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். எனவே இரண்டு மாதம் முன்பு வந்த காய்ச்சலின் பாதிப்பு இன்றைய விந்தில் தெரியும். இரு நாய்களுக்கும் சேர்க்கைக்கு முன்பே புரூசெல்லா கேனிஸ் சோதனை கட்டாயம். அந்தக் கிருமி சினை கலைக்கும், மனிதருக்கும் தொற்றும். இன்னொன்று: கையுறையில் தடவும் சாதாரண வழுக்குக் களிம்புகள் விந்தணுவைக் கொல்லக்கூடும். வீட்டில் யாராவது கையில் ஈஸ்ட்ரோஜன் களிம்பு பூசிக்கொண்டு நாயைக் கொஞ்சினால், பருவமே இல்லாத நாய்க்கும் பருவ அறிகுறி வரும். விடை கிடைக்காத நாய்களில் இதையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சேர்க்கை முடிந்ததும் பலர் ஸ்லைடை நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் சில நாள் தொடர்ந்தால், ஒரு நாளில் சருகுச் செல்கள் சட்டென்று சரிந்து, உருண்டைச் செல்களும் வெள்ளையணுக்களும் திரும்பிவருவது தெரியும். சினைப்பருவம் முடிந்து வரும் பின்பருவத்தின் முதல் நாள் அது, முட்டை வெளியாகி ஏறத்தாழ 6 நாள் ஆகியிருக்கும். குறித்த நாள் சரியா என்று பின்னோக்கிச் சரிபார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது.

குட்டி போடும் நாளும் இதிலிருந்தே வருகிறது. சேர்க்கையிலிருந்து எண்ணினால் 57 முதல் 72 நாள் வரை எதுவும் நடக்கலாம். முட்டை வெளியான நாளிலிருந்து 63, எல்.எச். உச்சத்திலிருந்து 65, பின்பருவ முதல் நாளிலிருந்து 57, மூன்றிலும் ஒரு நாள் முன்பின். தட்டை முக இனங்களுக்குக் குட்டிகளை எடுக்கத் திட்டமிட்டு அறுவை செய்யும்போது இந்த ஒரு நாள் கணக்குதான் குட்டிகளின் நுரையீரல் முதிர்ந்ததா என்பதைத் தீர்மானிக்கிறது. மருத்துவ அட்டையில் சேர்க்கைத் தேதி மட்டும் இருந்தால், அறுவை மேசையில் நிற்பவருக்கு இது 58ஆம் நாளா 63ஆம் நாளா என்று தெரிய வழியில்லை. குட்டி போடும் நேரம் நெருங்கியதற்கு அடையாளமாக, புரோஜெஸ்டிரோன் 2க்குக் கீழே இறங்கிவிட்டதா என்று மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். முட்டை வெளியான தேதியை அட்டையின் மேல்வரியில், பெரிய எழுத்தில், அன்றைக்கே எழுதிவிடுங்கள்.