"வலிக்கும், அத எழுதாத"

காலேஜ்ல ஜர்னலிசம் படிக்கும்போது திருவனந்தபுரத்துக்குப் போற நவராத்திரி சாமி ஊர்வலத்த கவர் பண்ணப் போனேன். பத்மநாபபுரம் அரண்மனையில ராஜாவோட உடைவாள் கைமாறினது, ரெண்டு மாநில போலீஸும் மரியாதை குடுத்தது, சரஸ்வதி அம்மன் யானை மேலயும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்குலயும் பொறப்பட்டது, எல்லாத்தையும் நோட்ல எழுதிட்டேன். 1956ல கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டோட சேந்த பெறகும் அரண்மனை கேரளா அரசு கையில இருக்கு, ஊர்வலமும் நிக்காம நடக்கு, இதத்தான் மெயின் ஸ்டோரியா வச்சிருந்தேன்.

சாயங்காலம் குழித்துறையில பல்லக்க இறக்கி வச்சாங்க. தூக்கிட்டு வந்த ஒரு பாட்டா தோள்ல மடிச்சு வச்சிருந்த துவர்த்த (துண்ட) எடுத்தாரு, அதுக்குக் கீழ தோலு செவந்து, தடிச்சுப் போயி, துவர்த்தோட மடிப்பு அப்படியே வரியா பதிஞ்சு கெடந்துச்சு. "வலிக்குமா பாட்டா?"ன்னு கேட்டேன். "வலிக்கும். அத எழுதாத மக்ளே. நேர்ச்சையாக்கும்"ன்னாரு, சாமிக்கு நேந்துக்கிட்ட வேண்டுதல்னு அர்த்தம். நானும் சரின்னு தலையாட்டிட்டேன்.

ராத்திரி எழுத உக்காந்தா அந்தத் தோளு மட்டும்தான் கண்ணுல நிக்குது. கடைசில "வலியைப் பொருட்படுத்தாமல் பல்லக்கு சுமக்கும் பக்தர்கள்"னு எழுதிக் குடுத்தேன், அது அப்படியே அச்சாகி வந்துச்சு. அவரு பேரு போடல, முகம் தெரியிற போட்டோவும் போடல, அதனால வாக்க மீறலன்னுதான் அப்ப நெனச்சேன், இப்பவும் பாதி மனசு அப்படித்தான் சொல்லுது.

ஆனா அவரு சொன்னது "வலிக்கும்"னு. பொருட்படுத்தலன்னு அவரு எங்க சொன்னாரு? எழுதாதன்னு சொன்னதையும் கேக்கல, எழுதினதாவது அவரு சொன்ன மாதிரி இருக்கான்னா அதுவும் இல்ல. ஒண்ணு, பேசாம விட்டிருக்கணும். இல்லன்னா அவருகிட்டயே திரும்பிப் போயி, ஏன் பாட்டா எழுதக்கூடாதுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கணும். நேர்ச்சைய வெளிய சொன்னா பலன் கொறஞ்சிரும்னு நெனச்சாரா, இல்ல வீட்ல உள்ளவங்க அடுத்த வருஷம் போக விடமாட்டாங்கன்னா, எனக்குத் தெரியாது. அதுக்குள்ள எனக்கு பஸ்ஸுக்கு நேரமாயிட்டு.

படிக்கிற பையன், டெட்லைன் வேற, அப்படின்னு சமாதானம் சொல்லிக்கலாம். ஆனா பஸ் ஏறும்போது திரும்பிப் பாத்தேன், அவரு அதே துவர்த்த தண்ணில நனைச்சுப் பிழிஞ்சு தோள்ல போட்டுக்கிட்டு இருந்தாரு. நெய்யாற்றின்கரைக்கு மறுநாளும் தூக்கணும்லா.